பலாமரத்துப் புகார்ப் பெட்டி

விழா நாட்களில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. பதினொரு வருட அரசுப் பணியில் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட ஒரே பயிற்சி அது. காலையில் அரை டம்ளர் காபி, அதோடு சரி. எந்த விழாவானாலும் மேடை இருக்கும், வரவேற்பு வளைவு இருக்கும், மாலையும் சால்வையும் இருக்கும். பெண்கள் ஒதுங்க ஓர் இடம் மட்டும் இருக்காது. இருந்தால் பூட்டியிருக்கும். சாவி எங்கே என்று கேட்கலாம். கேட்டால் நான்கு ஆண்கள் கூடி நின்று யோசிப்பார்கள். அந்த யோசனைக்கு நடுவில் நிற்பதைவிட நாக்கு வறண்டு போவது மேல்.

அதனால்தான், கொல்லிமலை சிறுதானியக் கண்காட்சியைப் பாதுகாப்பாகவும் மரியாதையாகவும் நடத்த ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்து, எங்கள் அலுவலர் முருகானந்தம் சார் அதில் என் பெயரை எழுதியபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வெளியே முகத்தைச் சலிப்பாக வைத்துக்கொண்டேன். ஆபீஸில் சந்தோஷத்தைக் காட்டினால் அடுத்த வேலையும் நம் மேசைக்கே வந்துவிடும்.

"ஜெசிந்தா, போன வருசம் ஏழு புகார்" என்றார் சார். "கூட்டத்துல இடிச்சாங்க, கேக்காம போட்டோ எடுத்தாங்க, பாத்ரூம் இல்லைன்னு. மேலிடத்துல என்னைய நிக்கவெச்சுக் கேட்டாங்க. இந்த வருசம் புகார் பூஜ்யம்னு அறிக்கை குடுங்க. உங்க ராசிபுரம் மாறுதல் ஃபைலை நானே கையில எடுத்துட்டுப் போயி கையெழுத்து வாங்கித் தர்றேன்."

ராசிபுரத்தில் என் கணவரும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும் இருக்கிறார்கள். மூன்று வருடங்களாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலையிறங்கி, திங்கட்கிழமை விடிகாலை எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி பஸ்ஸில் மலையேறுகிறேன். போன மாதம் வீட்டுக்குப் போனபோது மகள் எனக்குத் தட்டில் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். "எடுத்துக்கோங்கம்மா" என்று மரியாதையாகச் சொன்னாள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு அப்படிக் கொடுக்கும்படி அவளுக்குப் பழக்கியது நான்தான். 

ஆகவே பூஜ்யம். அதை நான் மனதில் வட்டமாக வரைந்து வைத்துக்கொண்டேன்.

கண்காட்சி மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். சுற்றறிக்கையில் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன். சக்கர நாற்காலிக்காக மேடைக்குச் சரிவுப் பாதை போட்டோம். முதல் நாளே இரண்டு ஆடுகள் அதில் ஏறி மேடையைத் திறந்து வைத்தன. 'அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்' என்று பலகை வைத்தோம். ஊர்க்கவுண்டர் காளியண்ணன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் தன்னைப் படமெடுக்க அனுமதி வழங்கினார். பள்ளிக்கூடத்துக் கழிவறை ஒன்றை வெள்ளையடித்து, கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, இருநூறு லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பினேன். போர்டு எழுதும் யுவராஜை வரவழைத்து 'பெண் வருகையாளர்களுக்கு மட்டும்' என்று எழுதச் சொன்னேன். அவன் கீழே ஒரு தாமரையும் சேர்த்து வரைந்தான். பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கியது. கழிவறையைப் பார்த்துக் கண் கலங்கியதை யாரிடமும் சொல்ல முடியாது.

மிச்சமிருந்தது புகார்ப் பெட்டி. 'அனைவர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்க வேண்டும், சாவி பொறுப்பாளரிடம் மட்டும் இருக்க வேண்டும், புகார் கொடுத்தவர் பெயர் ரகசியம்' என்றது சுற்றறிக்கை. மைதானத்தின் நடுவில் ஒரு பெரிய பலாமரம் நின்றது. அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். அதைவிடக் கண்ணில் படும் இடம் அந்த ஊரிலேயே இல்லை. பள்ளிக்கூடக் கதவுக்கு அடித்தது போக மீந்த சிவப்பு பெயிண்டைப் பெட்டிக்கு அடித்து, சாமிமரம் என்பதால் ஆணி வேண்டாமென்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். எவ்வளவு பக்குவமாக நடந்துகொள்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

காளியண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ரொம்ப நல்ல காரியமுங்க மேடம். பத்து வருசமா கேட்டுட்டிருந்தோமுங்க."

புகார்ப் பெட்டிக்காக ஒரு மலைக்கிராமம் பத்து வருடம் காத்திருந்திருக்கிறது! அன்று ராத்திரி மகளுக்கு ஃபோனில் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் தைக் குளிரோடு கண்காட்சி தொடங்கியது. கீழிருந்து வேனிலும் பைக்கிலும் ஜனம் வந்தது. ரோஜாப்பூ போட்ட என் நல்ல சேலையைக் கட்டி, கழுத்தில் 'மரியாதைக் குழு' அட்டையைத் தொங்கவிட்டு, நான் ஓடிக்கொண்டிருந்தேன். பலாமரத்தடியில் பள்ளி ஆசிரியர் ஜான்பீட்டர் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து யார் யாருக்கோ என்னவோ எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மணப்பாறைக்காரர், நல்ல கையெழுத்து. படிப்பறியாதவர்களுக்கு உதவுகிறார் என்று நினைத்து, கையாட்டிவிட்டுப் போனேன்.

பிரச்சினை எனக்குத் தண்ணீரில்தான் இருந்தது. காலை பத்தரைக்குள் டிரம் பாதிக்குக் குறைந்துவிட்டது. தண்ணீர் டிராக்டர் வழியில் பஞ்சராகி நின்றது. தலைமை விருந்தினர் மனைவியோடு வருவதாகத் தகவல். நான் கழிவறை வாசலிலேயே காவலுக்கு நின்றுவிட்டேன்.

மூன்று மணிக்கெல்லாம் கூட்டம் சற்று ஓய்ந்தது. அறிக்கைக்காகப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று அவிழ்த்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோய் மேசையில் கவிழ்த்தேன்.

மிளகு கொட்டியது. படிக்கணக்கில் மிளகு. அதோடு கேழ்வரகு, சாமை, ஒரு துண்டு மஞ்சள். நடுநடுவே மடித்த காகிதங்கள். ஒன்றைப் பிரித்தேன். ஜான்பீட்டரின் முத்தான கையெழுத்து.

'அனுப்புநர்: ருக்குமணி, மேல்காடு. பெறுநர்: ஆத்தா, பலாமரத்தடி. பொருள்: காட்டெருமை மரவள்ளியைத் தின்பது தொடர்பாக. ஐயா, வணக்கம்.' 'ஐயா'வை அடித்து 'அம்மா' என்று திருத்தியிருந்தது.

நான் ஓடிப்போய் ஜான்பீட்டரைக் கூட்டிவந்தேன்.

"என்ன சார் இது?"

"மனு, மேடம்."

"யாருக்கு?"

"அவங்க ஆத்தாவுக்கு. வருசா வருசம் முதல் மிளகை மரத்தடியில வெச்சு, குறையையும் சொல்லுவாங்களாம். ஆத்தாவுக்கு ஒரு பொட்டி வேணும்னு பத்து வருசமா கேட்டுட்டிருந்தாங்களாம். இந்த வருசம் அரசாங்கமே வெச்சிருச்சுன்னு குறையை எழுத்துல எழுதித் தரச் சொன்னாங்க. நான் எழுதுறவன் மட்டுந்தான் மேடம். ஞாயித்துக்கிழமை ஃபாதர்கிட்ட சொல்லிக்கிறேன்."

"இது புகார்ப் பெட்டி சார்!"

"அதுவும் புகார்தானே மேடம்" என்றார் அவர், உண்மையான குழப்பத்தோடு.

அவரை அனுப்பிவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். படிக்கப் படிக்க மனது லேசாகியது. புருஷன் எந்நேரமும் பார்க்கும் செல்ஃபோன் தானாகவே உடைய வேண்டும் என்று ஒருத்தி. காலை பஸ் காலையிலேயே வர வேண்டும் என்று ஒருவர். அண்டைக் காட்டுக்காரன் மிளகுக்கொடி தன்னுடையதைவிட உயரமாக ஏறுவது நியாயமா என்று ஒருவர். சேலத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் நிஜமாகவே எங்களுக்கு எழுதியிருந்தாள்: 'ஏற்பாடு நன்று. டீயில் சர்க்கரை அதிகம்.' இதைப் புகாரில் சேர்க்க முடியாது. ஆத்தாவுக்கு எழுதியதையும் சேர்க்க முடியாது. பூஜ்யம் மெல்ல உருண்டு என் பக்கம் வந்தது. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு தெரிந்தது.

பதினான்காவது, கடைசிக் காகிதம்.

'அனுப்புநர்: அத்தாயி, மிளகுக் கடை எண் 9. பெறுநர்: ஆத்தா, பலாமரத்தடி. பொருள்: கக்கூசுக்குள் விடாதது தொடர்பாக. விடியாலம் நாலு மணிக்குக் கடை போட வந்தேன். பதினொரு மணிக்குப் போனால் ஒரு ஆபீசர் அம்மா, இது வருகிறவர்களுக்கு, நீ உன் ஊட்டுக்குப் போய் வா என்றது. என் ஊடு மேலே ஒன்றரை மைல். எனக்குப் பின்னாடி வந்த பிள்ளையை உள்ளே விட்டது. நான் காட்டுப் பக்கம் போனேன். அங்கே பைக்கில் வந்த பையன்கள் ஃபோனை வைத்துக்கொண்டு நின்றார்கள். போகாமலே திரும்பி வந்து கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குச் சங்கடம். அடையாளம்: ரோஜாப்பூச் சேலை.'

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எவள் இவள்? எத்தனை பாடுபட்டு நான் ஏற்பாடு செய்த இடத்தில், எனக்குத் தெரியாமல் ஒருத்தி நின்றுகொண்டு இப்படிச் செய்திருக்கிறாள்! கண்டுபிடித்து எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டும் என்று எழுந்தேன். எழுந்தபோது முந்தானை மேசை மூலையில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கக் குனிந்தேன்.

ரோஜாப்பூ.

நான் திரும்ப உட்கார்ந்துகொண்டேன். பதினொரு மணியை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஒரு பெண் வந்தாள், ஐம்பது வயதிருக்கும், மடியில் மிளகு வாசம். "ஏங்கண்ணு, உள்ள போயிட்டு வரட்டுங்களா?" என்றாள். நான் என்ன சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. என் சிரிப்பு மட்டும் நினைவிருந்தது. அதை எனக்கு நன்றாகவே தெரியும். பதினொரு வருடம் மேலதிகாரிகளின் மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று அந்தச் சிரிப்பை வாங்கி வாங்கி, அதன் மடிப்புகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அது என் முகத்துக்கு எப்போது குடிவந்தது என்றுதான் தெரியவில்லை. நான் தண்ணீர் குடிக்காமல் மிச்சம் பிடித்த வருடங்களையெல்லாம் சேர்த்து இந்த அம்மாளிடம் வசூலித்திருக்கிறேன்.

இந்த நினைப்பெல்லாம் உண்மைதான். ஆனால் இதை நினைத்துக்கொண்டே என் கை அந்தக் காகிதத்தை எட்டாக மடித்து ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்தது. அதையும் சொல்ல வேண்டும்.

ஃபோன் அடித்தது. முருகானந்தம் சார்.

"பூஜ்யந்தானே?"

"அப்படித்தாங்க சார் தெரியுது."

"தெரியுதா, பூஜ்யமா?"

"எண்ணிட்டுச் சொல்றேங்க சார்."

"பூஜ்யத்தை எதுக்கும்மா எண்ணணும்?"

அதற்குள் காளியண்ணன் வாசலில் வந்து நின்றார். பின்னால் ஊரே நின்றது.

"மேடம், பொழுது சாயறதுக்குள்ள படிச்சிரோணுமுங்க."

"எதைங்க?"

"மனுவைத்தானுங்க. ஆத்தா மரத்துல வெச்ச குறை, ஊருக்கு நடுவால சத்தமாச் சொல்லோணும். எவர் பேரு வருதோ அவர் எந்திரிச்சு நின்னு ஆமாங்கோணும், இல்லீங்கோணும். மறைச்சா மிளகுக்கொடி வாடிப்போயிருமுங்க."

"ஐயோ, அதெல்லாம் ரகசியங்க. விதிமுறை இருக்கு. வெளிய சொல்லக் கூடாது."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரகசியமாச் சொல்றதுக்கு எதுக்குங்க மேடம் ஊருக்கு நடுவால மரத்துல செவப்புப் பொட்டி?"

மேசையிலிருந்த காகிதங்களை அள்ளிக்கொண்டேன். மரத்தடியில் போய் நின்றேன். மைக் வேண்டாமென்று சொல்லியும் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். பதின்மூன்று மனுக்களைப் படித்தேன். செல்ஃபோன் மனு வந்தபோது ராசப்பன் என்பவர் எழுந்து நின்று, "ஆமாங்க, பாக்கறேனுங்க. அவ சீரியல் பாக்கறதை ஆரு எழுதறது?" என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. உயரமான மிளகுக்கொடிக்காரர் எழுந்து, "என்ர கொடி ஏறுது, நான் புடிச்சா இழுக்க முடியும்?" என்றார். டீ மனுவுக்கு டீக்கடைக்காரரே எழுந்து நின்று ஆமாங்க என்று ஒப்புக்கொண்டார். காட்டெருமை பெயர் வந்தபோது யாரும் எழவில்லை. "அது அப்புறமா வந்து சொல்லும்" என்றாள் ஒருத்தி.

நானும் சிரித்தேன். ஹேண்ட்பேக் தோளில் தொங்கியது.

"அவ்வளவுதாங்க" என்று மைக்கைத் தாழ்த்தினேன்.

 முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பதினொரு மணிப் பெண், அத்தாயி, பக்கத்திலிருந்த ருக்குமணியிடம் திரும்பி, குறையாகக்கூட இல்லை, மழை வரும்போல என்று சொல்வதைப் போலச் சொன்னாள்: "பரவால்ல உடு. என்னுதை ஆத்தா தனியாப் படிச்சுக்குவா."

சொல்லிவிட்டுக் கால்களை மாற்றி ஒடுக்கி உட்கார்ந்தாள். அந்த உட்காரல் எனக்குத் தெரியும். பதினொரு வருடமாக எல்லா மேடைகளுக்குப் பின்னாலும் நான் உட்கார்ந்த விதம் அது. விடியற்காலை நாலு மணியிலிருந்து அவள் அப்படியே இருக்கிறாள். மிளகுக்கொடியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்குக் காடும் இல்லை, கொடியும் இல்லை. ஆனால் ராசிபுரத்துக்குப் போய், மகள் தட்டில் வைத்துக் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் இந்தக் கால்கள் ஞாபகம் வரும் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. மைக் பக்கத்தில் இருந்ததால் நான் அதோடு போராடிய சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

படித்தேன். 'பொருள்' என்ற இடத்திலேயே சிரிப்பு கிளம்பியது. 'சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குச் சங்கடம்' என்ற இடத்தில் அது நின்றது. 'ரோஜாப்பூச் சேலை' என்று முடித்தபோது கூட்டம் மொத்தமும் ஒரே ஆளாக என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது.

காளியண்ணன் தொண்டையைச் செருமினார். "பேரு வந்தவங்க எந்திரிச்சு நின்னு..." என்று தொடங்கி, நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பதைக் கவனித்து, "நிக்கறாங்க" என்று முடித்தார்.

"ஆமாங்க" என்றேன். மைக்கில் அது இரண்டு முறை கேட்டது. "நான்தாங்க சொன்னேன். தண்ணி பத்தாதுன்னு பயந்துட்டேங்க. விருந்தினர் வர்றாங்கன்னு..."

"தண்ணி பத்தாதா?" ருக்குமணி எழுந்தே விட்டாள். "ஏனுங்க மேடம், அந்தா இருக்குது ஊத்து. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆளுக்கொரு குடம் கொண்டாந்து ஊத்தியிருக்க மாட்டமா? இதுக்கா டிராக்டருக்குக் காத்துட்டிருந்தீங்க?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. ஊர்க்காரர்களிடம் கேட்கலாம் என்பதே.

"தண்டம் என்னன்னு குறை சொன்னவங்கதான் சொல்லோணும்" என்றார் காளியண்ணன். "அத்தாயி, சொல்லு."

அத்தாயி எழுந்தாள். "மொதல்ல நான் போயிட்டு வாரேன், அப்புறமாச் சொல்றேன்" என்று விறுவிறுவென்று நடந்தாள். கூட்டம் எழுந்து வழிவிட்டது. திரும்பி வந்தபோது அவள் முகம் இளகியிருந்தது. அந்த நிமிடம் கேட்டிருந்தால் யாரை வேண்டுமானாலும் மன்னித்திருப்பாள்.

"பொழுது எறங்கற வரைக்கும் இந்த ஆபீசர் அம்மா வாசல்ல நின்னு, வர்றவங்களுக்கெல்லாம் வாளியில தண்ணி மோந்து குடுக்கட்டும்" என்றாள். "சிரிக்க வேண்டாம். சும்மா குடுத்தாப் போதும்."

ஜான்பீட்டர் சுண்ணாம்பைக் குழைத்து, பலகையில் நடுவிலிருந்த 'வருகையாளர்' என்பதையும் கடைசியிலிருந்த 'மட்டும்' என்பதையும் பூசி மறைத்தார். 'பெண்களுக்கு' என்பதும் தாமரையும் மிஞ்சின. குடங்கள் வரிசையாக வந்து டிரம் நிரம்பி வழிந்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியோடு நின்றேன். அவசரமே இல்லாத பெண்கள் எல்லாம் ஆபீசர் தண்ணீர் மொள்வதைப் பார்க்க வரிசையில் வந்தார்கள். தலைமை விருந்தினரின் மனைவியும் வந்து, ஏழாவது ஆளாக நின்று, "நல்லா இருக்கு ஏற்பாடு" என்றார். காட்டுப் பக்கம் நின்ற பையன்களைக் காளியண்ணன் 'படம் எடுக்காதீர்' பலகைக்கு முன்னால் கூட்டிவந்து நிறுத்தி, அதை முப்பது முறை சத்தமாகப் படிக்கவைத்தார். பக்கத்தில் நின்று விரல்விட்டு எண்ணியது ராசப்பன்.

முருகானந்தம் சார் மறுபடி கூப்பிட்டார். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"எண்ணியாச்சா?"

"ஒண்ணுங்க சார்."

"ஒண்ணா! யார் மேல?"

"என் மேலங்க."

 "உங்க மேல வந்த புகாரை நீங்களே எப்படிம்மா விசாரிப்பீங்க?"

"ஊரே விசாரிச்சிருச்சுங்க சார். தண்டனை நடந்துட்டிருக்கு."

"ஜெசிந்தா, யோசிச்சுச் சொல்லுங்க. ஃபைல் திங்கக்கிழமை போகுது. ஒண்ணைப் பூஜ்யமா எழுதறது ஒரு கோடு வளைக்கிற வேலைம்மா."

"வளைக்க வரலீங்க சார்" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த வாளியை மொண்டு கொடுத்தேன். ராசிபுரம் மாறுதல் அதோடு போயிற்று. மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கழிவறை வாசலில் வாளியோடு நின்ற கதையிலிருந்து தொடங்கினால் அவள் சிரித்துவிடுவாள்; சிரித்த பிறகு மீதியைச் சொல்லலாம்.

பொழுது பலாமரத்துக்குப் பின்னால் இறங்கியது. அத்தாயி கடையைக் கட்டிவிட்டு வந்து என் கையிலிருந்து வாளியை வாங்கினாள். "போதும் கண்ணு, தண்டம் தீந்துபோச்சு" என்று ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். ஊற்றுத் தண்ணீர், பல் கூசியது. நான் அதைக் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன். விழா நாளில், சேலை நனைய, இரண்டு சொம்பு.

பிறகு நடக்க வேண்டியது நடந்தது. கழிவறைக்கு முன்னால் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். பொறுப்பாளர் என்ற உரிமையோடு நேராகக் கதவுப் பக்கம் போனேன். அத்தாயி வாளியைக் குறுக்கே வைத்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை. அதனாலேயே ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க ஆபீசர் அம்மா, நீங்க ஊர்க்காரங்களா, வந்தவங்களா?"

மூன்று வருடமாக நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விதான். வேறொரு சமயமாக இருந்தால் நின்று யோசித்திருப்பேன்.

"எதுவோ ஒண்ணு, அவசரமுங்க!" என்றேன்.

"அப்ப வரிசையில நில்லு சாமி" என்றாள் அவள்.

ஆறாவது ஆளாகப் போய் நின்றேன்.